வரவு செலவு நோட்டில் பூனையை எந்தத் தலைப்பில் எழுதுவது?

பழையபேரேடு – திங்கள், காலை 5.50

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒரு நீள நோட்டு போட்டு வீட்டு வரவு செலவை எழுதி வருகிறேன். மின்சாரம், மருந்து, பழுது, போக்குவரத்து, இதர என்று தலைப்புகள். இதில் 'இதர' எனக்கு ஆகாத தலைப்பு. வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கோப்பில் 'இதர' பெருத்திருக்கிறதோ அதில்தான் முதலில் சிவப்புப் பென்சில் இறங்கும். இப்போது என் நோட்டிலேயே அது பெருத்துக்கொண்டு போகிறது. காரணம் ஒரு பூனை.

வாங்கிய பூனை இல்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு மழை நாளில் தானாக உள்ளே வந்து, நான் விரித்து வைத்திருந்த செய்தித்தாளின் மேல், சரியாக அரசியல் பக்கத்தில், ஈரத்தோடு உட்கார்ந்தது. இரண்டாவது பத்தியில் இருந்தேன். மூன்றாவது பத்தியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. வாய் திறக்காமல் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதால் 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்த தபால் உறையைப் பிரித்து உள்பக்கத்தில் கணக்குப் போடுகிற ஆள் நான். பற்பசை டியூபைக் கத்தரித்து வழித்தெடுப்பேன். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பேன். போன மாதம் குளியலறைக் குழாய் சொட்டியபோது அடியில் வாளி வைத்து அளந்தேன்: ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர்! மறுநாளே இரண்டு வாஷர் வாங்கிவந்து நானே ஒன்றை மாற்றினேன், இன்னொன்று கைவசம் இருக்கட்டும் என்று. அப்பேர்ப்பட்டவன் இந்த மாதம் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, கழுத்துப் பட்டை, கூடை என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

"உங்க சிக்கனம் பூனைகிட்ட மட்டும் செல்லாது" என்கிறாள் வீட்டுக்காரி. சரி, போகட்டும். என் கேள்வி வேறு. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'மருந்து' என்றால் பாதிதான் பொருந்துகிறது. 'பொழுதுபோக்கு' என்று புதிதாகப் போடலாம் என்றால், இரவு எட்டு மணிக்கு நான் தொலைக்காட்சியில் அரசியல் விவாதம் போட்டதும் அது எழுந்து வெளியே போய்விடுகிறது. என் பொழுதைப் போக்கும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

கொட்டாவி – திங்கள், காலை 6.15

'கடன் கொடுத்தோர்' பட்டியலில் சேருங்கள். எந்தப் பூனையும் நம்மை அப்படித்தான் பார்க்கிறது.

நான்காம்கியர் – திங்கள், காலை 7.02

நான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நமக்கு மாத்திரை வாங்கவே கணக்குப் பார்க்கிற வயதில் பூனைக்கு ஊசி போடுவது வசதியுள்ளவர்களின் பேச்சு. எங்கள் வீட்டில் எந்தப் பிராணியும் கிடையாது. வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அது எங்கள் நாய் இல்லை.

இன்னும்பத்துவருடம் – திங்கள், காலை 9.40

ஐயா, எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஓய்வு பெற இன்னும் பத்து வருடம் இருக்கிறது. சோப்பை ஒட்டவைப்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையிலேயே அதில் ஏதாவது மிச்சமாகிறதா, அல்லது மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதானா? எது பெரிய ஓட்டை, எது சின்ன ஓட்டை என்று உங்களைப் போன்றவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையபேரேடு – திங்கள், காலை 10.30

தம்பி, நல்ல கேள்வி. சோப்பில் ஒன்றும் மிச்சமாகாது. அது பழக்கம்.

மிச்சமாவதைச் சொல்கிறேன். ஒரு 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒரு பல்புக்கு வருடத்துக்கு 93 யூனிட் குறையும். போட்டுப் பாருங்கள்: 51 வாட், 5 மணி, 365 நாள். என் தொலைக்காட்சி 80 வாட். இரவு ஒரு மணி நேர விவாதத்தை நிறுத்தினால் வருடத்துக்கு 29 யூனிட் மிச்சம். இரத்த அழுத்தத்தில் மிச்சமாவதை இதில் சேர்க்கவில்லை, அதற்கு மீட்டர் கிடையாது.

ஆனால் பெரிய ஓட்டை இதெல்லாம் இல்லை. 72 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், போட்ட பணம் ஏறக்குறைய எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருடம், 6 சதவீதம் என்றால் 12 வருடம். எல்லோரும் இதை வருகிற பணத்துக்குப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். விலைவாசிக்கும் போட்டுப் பாருங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், நீங்கள் ஓய்வு பெற்ற பன்னிரண்டாம் வருடத்தில் எல்லாப் பொருளும் இரண்டு மடங்கு விலை. உங்கள் மாத வரவு அப்படியே நின்றிருந்தால் அதன் மதிப்பு பாதி. நான் இதை ஐம்பத்தைந்து வயதில்தான் உட்கார்ந்து போட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நீங்கள் நாற்பத்தெட்டிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது நல்லது.

அடிக்குறிப்பு – திங்கள், மாலை 4.20

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிராணி, சிக்கனம், அரசியல் மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் ஃபாலா என்று ஒரு நாய் இருந்தது. ஸ்காட்டிஷ் டெரியர் இனம். 1944 தேர்தல் சமயத்தில் எதிர்த்தரப்பு ஒரு புரளியைக் கிளப்பியது. அலூஷன் தீவுகளுக்குப் போன இடத்தில் அதிபர் நாயை மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார், அதை அழைத்துவர ஒரு போர்க்கப்பலையே அனுப்பினார், மக்கள் வரிப்பணம் கோடிக்கணக்கில் போயிற்று என்று. ரூஸ்வெல்ட் அறிக்கை எதுவும் விடவில்லை. 1944 செப்டம்பர் 23 அன்று வாஷிங்டனில் சரக்கு வண்டி ஓட்டுநர் சங்க விருந்தில் பேசினார் (நான்காம்கியர் அண்ணன் கவனிக்கவும்). என்னைத் திட்டுங்கள், என் மனைவியையும் பிள்ளைகளையும்கூடத் திட்டுங்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஃபாலாவால் தாங்க முடியவில்லை என்கிற மாதிரி ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் கைப்பிடிப்பானவர்கள் என்று ஒரு பேர் உண்டு. தன் பெயரில் இவ்வளவு செலவு எழுதப்பட்டதைக் கேட்டதும் அந்த நாயின் ஸ்காட்டிஷ் ஆத்மா கொதித்துப்போய்விட்டது, அன்றிலிருந்து அது பழைய நாயாகவே இல்லை என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாராம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நவம்பரில் நான்காம் முறையாக ஜெயித்தார்.

சரியாக எட்டு வருடம் கழித்து, அதே செப்டம்பர் 23, 1952. இப்போது நிக்சன், துணை அதிபர் வேட்பாளர். ஆதரவாளர்கள் சேர்த்துக் கொடுத்த 18,000 டாலர் நிதி பற்றிக் கேள்வி எழுந்து, போட்டியிலிருந்தே கழற்றிவிடப்படும் நிலைமை. தொலைக்காட்சியில் வந்து தன் வீட்டுக் கணக்கை முழுக்க வாசித்தார். இவ்வளவு கடன், இன்ன கார், என் மனைவியிடம் விலை உயர்ந்த ரோமக் கோட்டு கிடையாது, சாதாரணத் துணிக் கோட்டுதான் என்று. கடைசியில், ஆமாம், ஒரே ஒரு பரிசு வாங்கினேன், அது செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டி, என் பெண்களுக்கு அதன்மேல் உயிர், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தர மாட்டேன் என்றார். ஆதரவுத் தந்திகள் குவிந்தன. வேட்பாளர் இடம் பறிபோகவில்லை.

இரண்டு பேச்சிலும் எனக்கு முதல் பேச்சுதான் பிடிக்கும். ஒருவர் நாயை வைத்துச் சிரிக்க வைத்தார், மற்றவர் நாயை வைத்து அழ வைத்தார். பேரேடு ஐயா, நிக்சன் அந்த நாயை 'பரிசு வரவு' என்று எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பூனையும் தானாக வந்ததுதானே?

நான்காம்கியர் – திங்கள், மாலை 5.05

எங்கள் சங்க விருந்தில் யாரும் இவ்வளவு நன்றாகப் பேசியது கிடையாது. மைக் வேலை செய்தாலே பெரிய விஷயம்.

பழையபேரேடு – திங்கள், மாலை 5.30

வரவுப் பக்கத்தில் எழுதினால் அடுத்த வரியிலேயே அதற்குத் தேய்மானம் போட வேண்டும். இந்தப் பூனை தேயவில்லை. வளர்ந்துகொண்டே போகிறது.

(இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது)

(இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது)

நெறியாளர் – திங்கள், இரவு 9.15

பூனை பற்றிய இழையில் கட்சிப் பெயர் எதற்கு? இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அரசியல் பேசலாம், நாய் பூனையோடு சேர்த்துப் பேசலாம். மனிதர்களை நாய் பூனை என்று பேசக் கூடாது.

கொட்டாவி – திங்கள், இரவு 9.21

நீக்கப்பட்டதில் ஒன்று என்னுடையது. நகைச்சுவை என்று நினைத்துத்தான் எழுதினேன். திரும்ப யோசித்தால் அதில் நகைச்சுவை இல்லை, வெறும் வயிற்றெரிச்சல்.

பழையபேரேடு – செவ்வாய், காலை 5.40

இதில் எனக்கும் ஒரு பங்கு வலி உண்டு. எதிர்வீட்டுக்காரரும் நானும் பதினோரு வருடம் சேர்ந்து காலை நடை போனவர்கள். அவர் பொறியியல் துறை, நான் கணக்கு. வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போவோம், திரும்பும்போது சமாதானமாகிவிடும். போன தேர்தலுக்கு முந்தைய வாரம் அப்படி ஆகவில்லை. என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பது அதைவிட நன்றாக. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நான் ஆறு மணிக்கு நடக்கப் போகிறேன், அவர் ஆறே முக்காலுக்குப் போகிறார். நாங்கள் யாருக்காகச் சண்டை போட்டோமோ அந்த இரண்டு தலைவர்களும் நடுவில் ஒருமுறை ஒரே மேடையில் கைகோத்து நின்றுவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அடிக்குறிப்பு – செவ்வாய், காலை 8.10

கட்சி மாறாமல் ஆட்சி மாற்றங்களைத் தாண்டுவது எப்படி என்று லேரியிடம் கேட்க வேண்டும். லண்டனில் பிரதமர் இல்லமான 10, டவுனிங் தெருவில் இருக்கும் பூனை. 2011 பிப்ரவரியில் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தார்கள். கேமரூன், மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. நடுவில் ஆளுங்கட்சியே மாறியும் அதன் பதவிக்கு ஆபத்து வரவில்லை. பதவி என்ன தெரியுமா? எலி பிடிப்பதற்கான தலைமை அதிகாரி. வேலையைவிடத் தூக்கம்தான் அதிகம் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டன.

மருந்துப்பெட்டி – செவ்வாய், காலை 11.25

கால்நடை மருத்துவமனையில் இருபத்தேழு வருடம் உதவியாளராக வேலை செய்தவள். தூக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குவது சகஜம்.

பேரேடு ஐயா, 'வளர்ந்துகொண்டே போகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு உறுத்துகிறது. எடை எவ்வளவு? வீட்டு எடை மிஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். அப்புறம், பால் ஊற்றுகிறீர்களா? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. தண்ணீர் எதில் குடிக்கிறது?

பழையபேரேடு – செவ்வாய், மாலை 3.00

கழித்துப் பார்த்தேன். 7.4 கிலோ. மூன்று முறை ஏறி இறங்கிச் சரிபார்த்தாயிற்று. மூன்றாம் முறை அது என் தோளைக் கீறியது. பால் கிடையாது. தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறோம், ஆனால் குடித்துப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் குளியலறையில் குழாயடியில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக நக்கிக்கொண்டிருக்கும்.

மருந்துப்பெட்டி – செவ்வாய், மாலை 3.40

சாதாரணமாக ஒரு வீட்டுப் பூனை நான்கு, ஐந்து கிலோ. 7.4 என்றால் அதிகம். சர்க்கரை நோய் வரும், மூட்டு வலிக்கும். ஆனால் தயவு செய்து பட்டினி போட்டுவிடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த மாதிரி வந்த பூனைகளை மேசைமேல் பார்த்திருக்கிறேன், கண்ணும் ஈறும் மஞ்சளாக இருக்கும். வாரத்துக்கு 75 கிராம், மிஞ்சிப்போனால் 150 கிராம் குறைந்தால் போதும். அளவை மருத்துவரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இன்னொன்று, நமக்குத் தலைவலிக்குப் போடுகிற பாரசிட்டமால் பூனைக்கு விஷம். இதைத் தெரியாமல் அன்பாகக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் நிறைய.

குழாயை நீங்கள் பழுது பார்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்களே. அதற்குப் பிறகு அது எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று கவனியுங்கள்.

இன்னும்பத்துவருடம் – புதன், காலை 9.15

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று 72ஐ வைத்து உட்கார்ந்தேன். எனக்கும் தூக்கம் வரவில்லை. நன்றி ஐயா. என் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பழையபேரேடு – மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 6.00

நிலவர அறிக்கை. மருத்துவர் சொன்னபடி தீனியைத் தராசில் நிறுத்து, பத்தில் ஒரு பங்கு குறைத்துப் போடுகிறேன். தேதிவாரியாக நோட்டில் இருக்கிறது. மூன்று வாரம் ஆயிற்று. எடை 7.4 கிலோவிலிருந்து 7.6 ஆகியிருக்கிறது.

முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: உள்ளே போவது குறைந்து இருப்பு கூடினால், புத்தகத்தில் வராத வரவு ஒன்று இருக்கிறது.

கொட்டாவி – ஞாயிறு, காலை 6.10

கணக்கில் காட்டாத வருமானம்! வெளியிலிருந்து ஆதரவு! உங்கள் ஆடிட்டர் யாரோடோ கூட்டணி வைத்திருக்கிறார்.

மருந்துப்பெட்டி – ஞாயிறு, காலை 7.30

சிரிப்பாகச் சொன்னாலும் அதுதான் விஷயம். இரண்டு மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு இடத்திலும் பட்டினி கிடந்த முகத்தோடு நிற்கும் பூனைகள் உண்டு. ஒரு காகிதத்தில் எழுதிக் கழுத்துப் பட்டையில் கட்டி அனுப்புங்கள். கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது, இழுத்தால் பிய்ந்து வந்துவிட வேண்டும்.

பழையபேரேடு – ஞாயிறு, இரவு 10.05

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மாலை ஏழரைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் 'இந்தப் பூனை பத்தியத்தில் இருக்கிறது. இதற்குத் தீனி போடுவது யார் என்று தெரிவிக்கவும்' என்று எழுதிக் கட்டினேன். எழுதிய பிறகு பார்த்தால் அலுவலக மெமோ மாதிரி இருந்தது. எட்டு மணிக்கு வழக்கம்போல் கிளம்பியது. ஒன்பதே காலுக்குத் திரும்பியது. கழுத்தில் என் காகிதம் இல்லை, வேறு காகிதம். தபால் உறையைப் பிரித்த உள்பக்கம். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெரிய பெரிய எழுத்தாக, வரைபடத்தில் எழுதுகிற மாதிரி சாய்வில்லாமல் நிற்கும் கை. பதினோரு வருடம் அந்தக் கையெழுத்தில் எவ்வளவோ துண்டுச்சீட்டுகள் வாங்கியிருக்கிறேன்.

அப்படியே தருகிறேன்: 'இங்கே இவர் பெயர் தலைவர். இரவு எட்டுக்கு வருவார். இரண்டு மாதமாக இரவுச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. முதலில் வந்தது சாப்பாட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, அதில் தண்ணீர் குடிக்கத்தான். அங்கே தண்ணீர் வைப்பது இல்லையா?'

என் குழாய்க்கு வாஷர் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. தேதி நோட்டில் இருக்கிறது.

கொட்டாவி – ஞாயிறு, இரவு 10.09

ஐயா, ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர் மிச்சம் பிடித்து ஒரு பூனையை எதிர்க்கட்சிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அடிக்குறிப்பு – ஞாயிறு, இரவு 10.40

சிக்கனக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி. 1784ல் பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்தபோது, 78 வயதில், அங்குள்ள பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். தற்செயலாகக் காலை ஆறு மணிக்கு விழித்துவிட்டாராம். சூரியன் அவ்வளவு சீக்கிரம் உதிக்கிறது, உதித்த உடனே வெளிச்சமும் தருகிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தாராம். பாரிஸ்வாசிகள் இதை அறியாமல் பகலில் தூங்கி இரவில் மெழுகுவர்த்தி எரிப்பதால் ஆகும் வீண்செலவைக் கணக்கிட்டார்: 183 இரவு, இரவுக்கு 7 மணி நேரம், ஒரு லட்சம் குடும்பம், ஆக 12 கோடியே 81 லட்சம் மணி நேரம். தீர்வாக, கதவு போட்டு மூடிய ஜன்னலுக்கு வரி, மெழுகுவர்த்திக்கு ரேஷன், அதற்கும் எழாதவர்களுக்காகத் தெருத்தெருவாக விடியற்காலையில் பீரங்கி வெடிக்க வேண்டும் என்றார். முழுக்க முழுக்கக் கிண்டல். இதை நிஜ யோசனை என்று நம்பி, மேல்நாடுகளில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னால் மாற்றி வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அவர் கடிகாரத்தைத் தொடவே இல்லை.

பழையபேரேடு – ஞாயிறு, இரவு 10.52

183 × 7 = 1,281. ஒரு லட்சத்தால் பெருக்கினால் சரியாகத்தான் வருகிறது. கிண்டலிலும் கூட்டல் தப்பவில்லை. மனுஷன் நம்ம ஆள்.

நான்காம்கியர் – திங்கள், காலை 6.30

மெழுகுவர்த்தி இருக்கட்டும். எதிர்வீட்டுக்குப் போனீர்களா இல்லையா?

பழையபேரேடு – வியாழன், காலை 5.45

மூன்று நாள் பூனை வழியாகத்தான் பேசினோம். திங்கள் நான் 'தண்ணீர் வைக்கிறோம், குடிப்பதில்லை' என்று எழுதினேன். அவர் 'கிண்ணத்தை மாற்றிப் பார்க்கவும்' என்றார். செவ்வாய் நான் எடைப் பட்டியலை அனுப்பினேன். பதில் வந்தது: 'இந்த 200 கிராம் ஏறியது யார் ஆட்சியில்?' இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கிண்டலைக் கேட்கிறேன். வீட்டுக்காரி உள்ளேயிருந்து என்ன சிரிப்பு என்று கேட்டாள்.

நேற்று மாலை வாஷரையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு காரணம் வேண்டுமே, உங்கள் குழாயைச் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லலாம் என்று. கதவைத் திறந்தவர் முதலில் ஸ்பேனரைத்தான் பார்த்தார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல, அரை அடி பின்னால் போனார். குழாயடிக்குப் போனோம். அங்கே ஆடிட்டர் (அவர் கணக்குப்படி தலைவர்) கழுத்தை ஒருச்சாய்த்து, சொட்டு விழுகிற இடத்தில் நாக்கை நீட்டி, ஒவ்வொரு சொட்டுக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. காதை மட்டும் ஒருமுறை உதறிவிட்டு அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தது. நாங்கள் இரண்டு கிழவர்கள் வாசற்படியில் நின்று, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"இதையா அடைக்கப் போறீங்க?" என்றார்.

கீழே வாளி வைத்திருந்தார். சொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாராம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். பதினொன்று லிட்டர், அளந்து வைத்திருக்கிறார்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். பத்து நிமிடம் பூனை. பதினோராவது நிமிடம் தேர்தல். மறுபடி குரல் உயர்ந்துவிட்டது. அவர் சொல்வது இன்றைக்கும் தப்புதான், நான் மாறவில்லை. அவரும் மாறவில்லை. ஆனால் மருத்துவச் செலவு பாதிப் பாதி, தீனி காலையில் நான், இரவில் அவர், இரண்டும் சேர்த்து மருத்துவர் சொன்ன அளவுக்குள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பெயர் மட்டும் ஒத்துவரவில்லை, ஒப்பந்தத்தில் 'மேற்படி பூனை' என்று போட்டிருக்கிறோம்.

வாஷர் சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது. நோட்டில் 'கசிவு' என்று ஒரு புதுத் தலைப்பு போட்டு, பூனைச் செலவு எல்லாவற்றையும் 'இதர'விலிருந்து அங்கே மாற்றிவிட்டேன்.

இன்னும்பத்துவருடம் – வியாழன், காலை 9.00

இன்று காலை எத்தனை மணிக்கு நடக்கப் போனீர்கள் ஐயா?

பழையபேரேடு – வியாழன், காலை 9.20

ஆறு இருபதுக்கு. அவரும் ஆறு இருபதுக்குத்தான் வந்தார். தற்செயல்.

நான்காம்கியர் – வியாழன், இரவு 8.45

மருந்துப்பெட்டி அம்மாவுக்கு ஒரு கேள்வி. முதல் பக்கத்தில் பேரேடு ஐயா குடற்புழு மாத்திரை என்று எழுதியிருந்தாரே, அது நாய்க்கும் உண்டா? என் நாய் இல்லை. வாசலில் படுத்திருப்பது. சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்.

மருந்துப்பெட்டி – வியாழன், இரவு 9.00

உண்டு. ஆனால் பூனை மாத்திரையைக் கொடுக்காதீர்கள், நாய்க்கென்று தனியாக இருக்கிறது. எடைக்குத் தகுந்த அளவு. எத்தனை கிலோ இருக்கும்?

நான்காம்கியர் – வியாழன், இரவு 9.04

பதினெட்டரை. நீங்கள் சொன்ன மாதிரிதான், தூக்கிக்கொண்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.